கச்சான் காற்றும் கார் ஷெட்டும்

எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, தென்கடல் பக்கம் இருக்கிறது. கடல் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. வீட்டுக்கு வடபுறம் பத்து வருடத்துக்கு முன் ஒரு கார் ஷெட் போட்டோம். 12 அடி அகலம், 20 அடி நீளம். மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், கிழக்கே தெருவைப் பார்த்து ஷட்டர், மேலே நீலக் கலர் தகரம். உள்ளே ஒரு பழைய கார், இரண்டு பைக், ஒரு வேலை மேஜை. ஓய்வு நேரத்தில் எதையாவது கழற்றி மாட்டுவதற்கென்று அந்த மேஜையைப் போட்டேன். ஆனால் காலை 11 மணிக்கு மேல் அதன் முன்னால் நிற்க முடியாது. வியர்வை கண்ணில் இறங்கி, திருகுவது எது, கழற்றுவது எது என்றே தெரியாமல் போகும்.

வளைகுடாவில் ஆறு வருடம் ஏசி டக்டுக்கு (குளிர்காற்று போகும் குழாய்க்கு) சூடு தடுக்கும் இன்சுலேஷன் ஒட்டும் வேலை பார்த்தவன் நான். நம் ஷெட்டின் சூட்டைக் குறைக்க ஒரு வாரம் போதும் என்று 2025 ஏப்ரலில் கை வைத்தேன். டிசம்பர் வரை இழுத்தது.

முதலில் அளவு எடுத்தேன். கொரோனா நேரத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானி வீட்டில் கிடந்தது. அதைத் தகரத்துக்கு நேரே பிடித்தால் ‘ஹை’ என்று மட்டும் காட்டியது. உடம்புச் சூட்டுக்குச் செய்தது, நாற்பது சொச்சத்துக்கு மேல் அதற்கு எண் தெரியாது. பட்டறைகளில் வைத்திருக்கும் வகையில் ஒன்றை வாங்கினேன். மதியம் 2 மணிக்கு வெளியே நிழலில் 35 டிகிரி. தகரத்தின் அடிப்பக்கம் 61. ஷெட்டுக்குள் காற்று 42. மேற்குச் சுவரின் உட்பக்கம் மாலை 5 மணிக்கு 44.

காற்று 42 என்பதைவிட அந்த 61தான் ஆளைக் கொல்கிறது. தலைக்கு மேலே 240 சதுர அடியில் ஒரு தோசைக்கல் தொங்குகிற மாதிரி. அதன் சூடு காற்று வழியாக வர வேண்டியதே இல்லை, கதிராக நேரே உச்சந்தலையில் இறங்கும். ஃபேன் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று அடிக்கும், தலை எரிவது நிற்காது.

இவ்வளவும் தெரிந்தும் நான் முதலில் செய்தது தெர்மாக்கோல் ஒட்டியது. காரணம், அது சும்மா கிடைத்தது. மீன் ஏற்றுகிற இடத்தில் உடைந்த தெர்மாக்கோல் பெட்டிகள் மலையாகக் கிடக்கும். ஒரு ஆட்டோ நிறைய அள்ளி வந்து, கழுவி, காய வைத்து, பலகைகளாக அறுத்துத் தகரத்தின் அடியில் ஒட்டினேன். டக்டுக்குப் பயன்படுத்திப் பழகிய ரப்பர் பசையையே வாங்கினேன். அங்கே ஒட்டியதெல்லாம் வேறு சரக்கு என்பது மறந்துபோனது. அந்தப் பசையில் இருக்கும் கரைப்பான் தெர்மாக்கோலை அப்படியே தின்றுவிடும். பசை தடவிய இடமெல்லாம் சர்க்கரை கரைவது போல் குழிந்தது. அப்புறம் தண்ணீர்ப் பசைக்கு மாறினேன். அது பிடித்தது, ஆனால் கூரைச் சூட்டில் பலகைகள் வளைந்து பத்து நாளில் ஒவ்வொன்றாகத் தொங்க ஆரம்பித்தன. கழுவியும் போகாத மீன் வாடைக்குத் தெருப் பூனைகள் எல்லாம் ராத்திரியில் ஷட்டர் முன்னால் கூடின. எறும்பு பலகைக்குள் வீடு கட்டி, வெள்ளைப் பொடியைக் கார் மேல் கொட்டியது.

இதற்கிடையில் காற்று உள்ளே வராமலிருக்கச் சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த சந்துகளையும் ஃபோம் அடித்து அடைத்திருந்தேன். ஏசி வேலைப் பழக்கம்: ஒரு பொட்டு சந்துகூட இருக்கக் கூடாது. மதியம் அளந்தால் காற்று 43. ஒரு டிகிரி கூடியிருந்தது.

சித்தப்பா நாற்பது வருடம் வத்தையில், அதாவது நாட்டுப் படகில், கடலுக்குப் போனவர். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏப்பா, ஐஸ் போடாத பெட்டிய மூடி போட்டு வெயில்ல வெச்சா, உள்ள குளுருமா?”

அவ்வளவுதான் விஷயம். தெர்மாக்கோல் பெட்டி எதையும் குளிர வைப்பதில்லை, உள்ளே இருக்கிற குளிரைக் காக்கிறது. ஏசி ஓடுகிற கட்டடத்தில் காக்க ஒரு குளிர் இருக்கும். என் ஷெட்டில் ஏசி கிடையாது, போடவும் போவதில்லை. இங்கே அடைத்தால் உள்ளே மாட்டிக்கொள்வது சூடு மட்டும்தான். கூரைச் சூட்டை மேலேயே திருப்பி அனுப்ப வேண்டும், மிச்சத்தைக் காற்று இழுத்துப் போக வழி விட வேண்டும். எல்லாவற்றையும் பிய்த்தேன். பிய்த்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: என் மச்சினன் வெல்டர். அவன் வந்து பொறி பறக்க விடப்போகும் கூரையின் அடியில் தெர்மாக்கோல் இருப்பது நெருப்புக்கு விருந்து வைப்பதுதான்.

ஆனால் மச்சினன் வரவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், அப்போதுதான் எல்லோரும் பழுது பார்ப்பார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது ஓய்வு. வெல்டர், ஃபைபர் ஆள், இன்ஜின் ஆள் மூவரையும் அந்த இரண்டு மாதம் கையால் பிடிக்க முடியாது. “தடை முடியட்டும் மச்சான், வந்துருவேன்” என்றான். சரி, பெயிண்ட் வேலையை நானே தொடங்கினேன்.

கூரைக்கு வெள்ளைப் பூச்சு. கடைகளில் ‘கூல் ரூஃப்’ என்று கேட்டால் கிடைக்கும், ரப்பர் போல் இழுபடும் அக்ரிலிக் பெயிண்ட். ஒருவர் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். மொட்டை மாடிக்கு அது நல்லதுதான், தகரத்துக்குக் கூடாது. ஈரச் சுண்ணாம்பின் காரம் துத்தநாகப் பூச்சை அரிக்கும், முதல் மழையில் கரைந்தும் போய்விடும்.

கடலோரத்தில் பெயிண்ட் அடிப்பதில் பாதி வேலை கழுவுவது. கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். அதன் மேல் பூசினால், பூச்சு வழியாக ஈரத்தை உப்பு உறிஞ்சிக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். எங்கள் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவிப் புண்ணியம் இல்லை. குடிக்க வாங்கும் நல்ல தண்ணீரில் 15 குடம் மேலே ஏற்றித் தேய்த்துக் கழுவினேன். “குடிக்கிற தண்ணியக் கொண்டுபோய்த் தகரத்துக்கு ஊத்துறான்” என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. துரு பிடித்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் சுரண்டினேன். துருவைச் சுரண்டிய இரும்புக்கு ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு போதும். துத்தநாகம் பளபளவென்று வெளியே தெரியும் இடத்தில் ரெட் ஆக்சைடு நிற்காது, உரிந்துவிடும். அதற்கென்று எட்ச் ப்ரைமர் என்று தனி அடிப்பூச்சு இருக்கிறது.

ஸ்க்ரூக்கள் தனிக் கதை. தகரத்தில் பெரிதாக ஓட்டை விழவில்லை. துரு முழுக்க ஸ்க்ரூ தலையைச் சுற்றித்தான். ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்து, உப்புத் தண்ணீர் அதற்குள் தங்கியிருந்தது. இந்த வேலை தொடங்கிய அதே மாதம் 6ஆம் தேதிதான் புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துருவைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு, இணைப்புகளெல்லாம் முழு வெல்டு என்று படித்தபோது ஏன் வெல்டு என்று பிடிபடவில்லை. ஏணி மேல் உட்கார்ந்து 140 ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு பிடிபட்டது. இரண்டு இரும்பு சேரும் சந்துதான் உப்புக்கு வீடு. கடைக்காரர் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) ஸ்க்ரூ எடுக்கச் சொன்னார். எடுக்கவில்லை. துத்தநாகம் பூசிய தகரத்தில் எஸ்.எஸ். ஸ்க்ரூவை ஏற்றினால், ஸ்க்ரூ பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றி இருக்கும் தகரம் அதற்குப் பதிலாக அரிக்கும். கனமான துத்தநாகப் பூச்சுள்ள ஸ்க்ரூவாகப் பார்த்து, பழைய ஓட்டைக்கு ஒரு சுற்றுப் பெரிதாக, நல்ல ரப்பர் வாஷரோடு போட்டேன். பெரிய ஓட்டை இரண்டுக்கு மட்டும் படகு வேலைக்கு வந்த ஃபைபர் ஆள் மிச்சமிருந்த கண்ணாடியிழை மேட்டையும் ரெசினையும் வைத்து ஒட்டிக் கொடுத்தார். படகே தண்ணீரில் நிற்கிறது, இது நிற்காதா என்றார்.

பூச்சை விடியற்காலையில் 6 முதல் 8 மணிக்குள் அடித்தேன். அதற்கு மேல் தகரம் சுட்டால், ரோலர் போன தடத்திலேயே பெயிண்ட் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். இரண்டு கோட், நடுவே ஒரு நாள். 10 லிட்டரில் ஏறக்குறைய 300 சதுர அடி முடிந்தது. மே கடைசியில் மறுபடி அளந்தேன். வெளியே 35, தகரத்தின் அடிப்பக்கம் 45, உள்ளே காற்று 39. 61 எங்கே, 45 எங்கே! செய்தவற்றிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் வேலை செய்தது இதுதான். வேறெதுவும் முடியாதவர்கள் இதை மட்டும் செய்தாலும் போதும்.

அடுத்து ஃபாயில். இரண்டு பக்கமும் அலுமினியத் தாள், நடுவே காற்றுக் குமிழ் வைத்த சுருள், 1.2 மீட்டர் அகலம். தெர்மாக்கோல் சூடு கடப்பதை மெதுவாக்கும். ஃபாயில் செய்வது வேறு: மேலிருந்து வரும் கதிரை மேலேயே திருப்பும், தான் வாங்கிய கொஞ்சச் சூட்டையும் கீழே கதிராக விடாது. ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி கட்டாயம். தகரத்தில் ஒட்டிவிட்டால் தகரம் தொட்டுத் தரும் சூட்டை வாங்கிக்கொள்ளும், பாதி வேலை போச்சு. தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டமாகப் போட்டிருந்த 2 அங்குல ஸ்கொயர் டியூபின் அடியில் ஃபாயிலைக் கட்டினேன். தகரத்துக்கும் அதற்கும் 2 அங்குல இடைவெளி தானாகக் கிடைத்தது. தொய்யாமலிருக்க அதன் அடியில் பழைய நைலான் வலையை இழுத்துக் கட்டினேன். சித்தப்பா வீட்டுக் கொல்லையில் கிடந்த வலைதான். முடிச்சுப் போட அவரே வந்தார், நான் போட்ட முடிச்சுகளை ஒன்று விடாமல் அவிழ்த்துவிட்டுப் புதிதாகப் போட்டார்.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஃபாயில் என்பது மின்சாரம் பாயும் உலோகம். ஆஸ்திரேலியாவில் 2009இல் அரசே வீட்டுக் கூரைகளுக்கு இன்சுலேஷன் போட்டுத் தந்த திட்டத்தில், ஃபாயிலை அடித்த உலோக ஸ்டேபிள் மின்வயரைத் துளைத்து, வேலை செய்த இளைஞர் இறந்தார். கூரை முழுக்க மின்சாரம். நான் மெயினை அணைத்துவிட்டு, கூரையில் ஓடிய வயரையெல்லாம் சுவருக்கு இறக்கி பிவிசி பைப்பில் விட்டு, மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டிய பிறகுதான் சுருளையே பிரித்தேன். ஸ்டேபிள் ஒன்றுகூட அடிக்கவில்லை, எல்லாம் கயிறுதான்.

ஃபாயில் கட்டி முடித்து வெப்பமானியை நீட்டினால் 33 என்று காட்டியது. வெளிக்காற்றைவிடக் குறைவு! கொஞ்ச நேரம் குதித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது: பளபளப்பான பரப்பில் அந்தக் கருவி பொய் சொல்லும். கண்ணாடியைப் படம் எடுப்பது போல, கீழே இருக்கும் தரையின் சூட்டைத்தான் அது படித்துக் காட்டியது. ஃபாயிலில் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அந்த டேப்பை அளந்தால் 38. உண்மை அதுதான்.

ஜூன் கடைசியில் மச்சினன் வந்தபோது கச்சான் பலமாக அடித்துக்கொண்டிருந்தது. தென்மேற்கிலிருந்து கடலையும் மணலையும் சேர்த்துத் தூக்கி வரும் காற்று. அது அடிக்கிற அடிக்கு மேற்குச் சுவரில் வழி விட்டால் ஷெட்டே குளிர்ந்துவிடுமே என்று, சிமெண்ட் ஜாலி வைக்க மேற்கிலேயே இடித்தோம். இரண்டு வாரம் சொர்க்கம். மதியம் 2 மணிக்கு உள்ளே உட்கார்ந்து டீ குடித்தேன். மூன்றாவது வாரம், மேஜையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸின் தாடையில் ஆரஞ்சுப் பொடி. காரின் பிரேக் டிஸ்க் காலையில் எடுக்கும்போது கரகரவென்று உரசியது. ஷட்டர் ஓடும் சேனலில் மணல் நிறைந்து பாதியில் நின்றது. உப்பில்லாத காற்று எங்கள் ஊரில் விற்பதில்லை. சூட்டை வெளியேற்றும் அதே வாசல்தான் துருவை உள்ளே கூட்டி வருகிறது.

மேற்கை மறுபடி அடைத்தோம். வெட்கமாகத்தான் இருந்தது, கொத்தனார் அண்ணன் சிரிக்காமல் செங்கல் வைத்துக் கொடுத்தார். கச்சானுக்கு மறைவான வடக்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு ஜாலி வைத்தோம். அங்கே நிழல், காற்றும் நேராக அறையாது. கிழக்கே ஷட்டருக்கு மேலே, தகரத்தை ஒட்டி ஒரு நீள ஜாலி. கச்சான் கூரையைத் தாண்டிப் போகும்போது கிழக்குப் பக்கம் ஒரு இழுப்பு உண்டாகும். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போகும், கீழே வடக்கிலிருந்து நிழல் காற்று உள்ளே வரும். கொசுவலையும் நைலான்தான், கம்பி வலை ஒரு வருடம்கூடத் தாங்காது. ஜாலிக்கு மேலே சுவரைத் தாங்கப் போட்ட சின்ன கான்கிரீட் லிண்டலுக்கும் நல்ல தண்ணீர்தான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி, கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாததற்கு 2000 வரை விடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் போட்ட லிண்டல்கள் கம்பி வீங்கி வெடித்துத் தொங்குவதை எங்கள் தெருவிலேயே நாலு வீட்டில் காட்டுவேன்.

மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு அடி தள்ளிப் பனங்கட்டை நட்டுப் பனை ஓலைத் தட்டி கட்டினோம். சுவரில் ஒட்டிக் கட்டவில்லை, நடுவே காற்று ஓட வேண்டும். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு: இரண்டு நாள் ஊற வைத்து, வடிகட்டி, பால் மாதிரி நீர்க்கக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மூன்று கோட். கெட்டியாக ஒரே கோட் அடித்தால் அப்பளமாக உரியும். கண்ணாடி போடாமல் சுண்ணாம்பு அடிக்காதீர்கள், கண்ணில் தெறித்தால் விளையாட்டில்லை. 44 டிகிரி இருந்த சுவர் செப்டம்பரில் 37க்கு வந்தது. தட்டி எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட்டேன்.

செப்டம்பர் முதல் வாரம், மதியம் 2 மணி: வெளியே 34, உள்ளே 36.

துருவுக்கு என்ன செய்தேன் என்றால், ஷெட்டை மூடுவதை விட்டுவிட்டுக் கருவிகளை மட்டும் மூடினேன். படகில் வைக்கும் கெட்டி பிளாஸ்டிக் ஐஸ் பெட்டி, ஒரு மூலை உடைந்தது, பழைய விலைக்குக் கிடைத்தது. மூடியைச் சுற்றி சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஒட்டினேன். ஸ்பேனர், டிரில் எல்லாம் அதற்குள். உள்ளே ஒரு பழைய ஜீரோ வாட் பல்பு, எதிலும் படாமல் கம்பிக் கூண்டு போட்டு. ஜீரோ வாட் என்று பெயர்தான், பத்துப் பன்னிரண்டு வாட் இழுக்கும், இங்கே வேண்டியதும் அதுதான். எல்இடி போட்டால் சூடு வராது. பெட்டிக்குள் வெளியைவிட 7 டிகிரி கூடுதல். அதே காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் இறங்கும், துருவும் அடங்கும். சித்தப்பா வந்து பார்த்தார். “கடைசில ஐஸ் பெட்டிக்கு அடுப்பு வெச்சுட்டியேப்பா” என்றார்.

ஷட்டரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: சேனலில் கிரீஸ் வைக்காதீர்கள். மணல் அதில் ஒட்டி உப்புத்தாள் போலத் தேய்க்கும். துடைத்துவிட்டு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும், வழுக்கிக்கொண்டு ஓடும். அடியில் லாரி டியூப் ரப்பரைப் பட்டையாக வெட்டி போல்ட் போட்டேன். மழையும் நண்டும் உள்ளே வருவது நின்றது.

டிசம்பரில் ஒரு விடியற்காலை கார் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மழையே இல்லை. மேகமில்லாத இரவில் தகரம் காற்றைவிடக் குளிர்ந்துபோய், அதன் அடியில் பனி வியர்த்து ஃபாயில் மேல் விழுந்து, சரிவில் இறங்கி, நான் டேப் போட்டு இறுக அடைத்த ஓரத்தில் தேங்கி, ஒரு மடிப்பு வழியாக ஒழுகியிருக்கிறது. கீழ் ஓர டேப்பை மட்டும் கிழித்துவிட்டேன். இப்போது வடிகிற தண்ணீர் சுவருக்கு வெளியே போய்விடுகிறது.

மிச்சம் இருப்பது ஒன்றுதான். கிழக்கிலிருந்து அடிக்கும் கொண்டல் காற்றோடு மழை வந்தால் கிழக்கு ஜாலி வழியாகச் சாரல் நேராக வேலை மேஜை மேல் விழுகிறது. தற்போதைக்கு ஒரு தார்ப்பாய்த் துண்டு தொங்குகிறது. மச்சினனிடம் தகர மறைப்பு ஒன்று கேட்டிருக்கிறேன். அடுத்த தடைக்காலம் வருவதற்குள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறான்.